நொதிக்கு நல்லது கெட்டது தெரியாது!



என்சைம் என்றால் நம்மில் பலருக்கு அது வெறும் இரண்டு மார்க் கேள்வி. "உடலில் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் உயிரியல் வினையூக்கிக்கு நொதி என்று பெயர்" என்று பள்ளிக்கூடத்தில் எழுதினோம், மார்க் வாங்கினோம், பாலிடெக்னிக்கில் அட்மிஷன் கிடைத்த அன்றே மறந்தும் போனோம். மெக்கானிக்கலுக்கு லேத் இருக்கிறது, சிவிலுக்கு சர்வே இருக்கிறது, எலக்ட்ரிக்கலுக்கு மோட்டார் இருக்கிறது. "நமக்கு எதுக்குப்பா என்சைம்? அது டாக்டருக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம்!" என்று கேட்பவர்கள் நம் வகுப்புகளில் நிறையப் பேர்.

கெமிக்கல் பிரிவில் படிக்கும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என்சைம் எப்படி வேலை செய்கிறது, எது அதை நிறுத்தும் என்ற விஷயம் டிப்ளமோ மாணவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்காகச் சொல்லவில்லை, ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அது உதவும் என்பதற்காகச் சொல்கிறேன். எப்படி என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம மாவட்டத்தில் நடந்தது

2023-ஆம் ஆண்டு மே மாதம். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மதுராந்தகத்தைத் தாண்டி சித்தாமூர் பக்கத்துக் கிராமங்களிலும், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பத்திலும் சாராயம் என்று நம்பிக் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். இரண்டு இடங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று பிறகு தெரிந்தது.

"இனிமே இப்படி நடக்காது" என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 65-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பெண்களும் உண்டு. பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆட்களைக் கொண்டுபோன காட்சியை டி.வி.யில் பார்த்தோம். இரண்டு நாள் பேசினோம். அப்புறம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கப் போய்விட்டோம்.

இந்தச் செய்திகளில் எத்தனை பேர் இறந்தார்கள், யார் கைதானார்கள், எவ்வளவு நிவாரணம் என்பதெல்லாம் வந்தது. அந்த மனிதர்களின் உடம்புக்குள் என்னதான் நடந்தது என்பது மட்டும் நமக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அதைச் சொல்லியிருந்தால் ஒரு முக்கியமான உண்மை ஊருக்கே தெரிந்திருக்கும். மெத்தனால் குடித்த மாத்திரத்தில் ஆளைக் கொல்லும் விஷம் இல்லை. குடித்தவருடைய கல்லீரலில் உள்ள ஒரு என்சைம் அதைத் தொட்டு மாற்றிய பிறகுதான் அது கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷமாகிறது!

டிக்கெட் கவுண்டரும் என்சைமும்

முதலில் என்சைமைப் புரிந்துகொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில், சர்க்கரை புளித்து ஆல்கஹால் ஆவதற்கு உயிருள்ள ஈஸ்ட் செல் கட்டாயம் வேண்டும் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். 1897-இல் ஜெர்மனியின் எடுவார்ட் புக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, செல் இல்லாத வெறும் சாற்றை மட்டும் எடுத்துச் சர்க்கரையில் சேர்த்தார். அது அப்போதும் புளித்தது! அதாவது, வேலை செய்வது செல்லுக்குள் இருக்கும் ஒரு பொருள். இதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1926-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸ் என்ற என்சைமைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார்.

அந்தப் புரதம் எப்படி வேலை செய்கிறது? தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். என்சைமின் உடம்பில் ஒரு சிறிய பள்ளம் உண்டு. அதுதான் கவுண்டர் ஜன்னல். அதற்குப் பொருத்தமான மூலக்கூறு வந்து உட்காரும், நொடிக்கும் குறைவான நேரத்தில் மாறும், வெளியேறும். அடுத்த ஆள் வரலாம். என்சைம் மட்டும் அப்படியே இருக்கும், தேயாது, கரையாது. 1894-இல் எமில் ஃபிஷர் இதைப் பூட்டும் சாவியும் என்று வர்ணித்தார். 1958-இல் கோஷ்லண்ட் என்பவர் அதைத் திருத்தி, கை நுழைந்ததும் கையுறை வடிவம் கொள்வது போல என்சைமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்றார். நாம் சாப்பிட்ட சாதம் சர்க்கரையாவது, சர்க்கரை சக்தியாவது, பருப்பின் புரதம் தசையாவது என்று வளர்சிதை மாற்றம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான கவுண்டர்கள் வரிசையாகத் திறந்திருப்பதால்தான் நடக்கிறது.

சரி, இந்தக் கவுண்டர் வேகமாக ஓடுவதும் படுத்துக்கொள்வதும் எதைப் பொறுத்தது?

முதலாவது வெப்பம். நம் வீட்டு இட்லி மாவைக் கேட்டால் அதுவே சொல்லும். மார்கழியில் பொங்க அடம்பிடிக்கிறது. சித்திரையில் பாத்திரத்தை விட்டு வழிந்து அம்மாவிடம் திட்டு வாங்கித் தருகிறது. மாவில் உள்ள நுண்ணுயிர்களின் என்சைம்கள் குளிரில் மந்தம், சூட்டில் சுறுசுறுப்பு. ஆனால் சூடு அளவு மீறினால் கதை முடிந்தது. வேக வைத்த முட்டையை மறுபடி பச்சை முட்டை ஆக்க முடியுமா? என்சைமும் புரதம்தான். வெந்தால் அதன் வடிவம் போய்விடும், வடிவம் போனால் வேலையும் போய்விடும். நம் உடம்பு 37 டிகிரியை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது அமில கார நிலை, அதாவது பி.எச். வயிற்றில் உள்ள பெப்சினுக்கு பி.எச். 2 பக்கம் இருந்தால் கொண்டாட்டம். சிறுகுடலில் வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8 பக்கம் வேண்டும். நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே நிற்க வேண்டும். அங்கே சறுக்கினால் உடம்பின் எல்லாக் கவுண்டரிலும் குழப்பம்தான். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது கூட்டம். வரிசையில் ஆள் கூடக் கூட டிக்கெட்டும் வேகமாகப் போகும். ஆனால் கவுண்டர் முழுக்க நிறைந்த பிறகு வரிசை சானட்டோரியம் வரை நீண்டாலும் வேகம் கூடாது. நான்காவது துணை ஆட்கள். பல என்சைம்களுக்குத் துத்தநாகம் மாதிரி ஒரு உலோகமோ, வைட்டமினில் இருந்து வரும் ஒரு துணைப்பொருளோ பக்கத்தில் இருந்தால்தான் கை ஓடும். ஐந்தாவது தடுப்பான். அசல் ஆளைப் போலவே வேஷம் போட்டு வந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும் மூலக்கூறுகள் உண்டு. அது அடைத்துக்கொண்டிருக்கும்வரை அசல் ஆளுக்கு இடம் கிடைக்காது.

இந்த ஐந்தும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஐந்தும் எதற்கு என்பது கருணாபுரத்துக்குப் போனால்தான் விளங்கும்.

கடமை தவறாத கல்லீரல்

நம் கல்லீரலில் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு என்சைம். நடுவில் துத்தநாகம் வைத்த புரதம். பிராந்திக் கடைக்குப் போகாதவர் உடம்பிலும் அது உண்டு. ஏனென்றால் கனிந்த பழத்திலும் நம் குடலிலும் துளித்துளியாக ஆல்கஹால் உண்டாகிக்கொண்டேதான் இருக்கிறது. அதை அப்புறப்படுத்துவது இதன் வேலைகளில் ஒன்று. எத்தனால் வந்தால் அசிட்டால்டிஹைடாக மாற்றும். அடுத்த என்சைம் அதை அசிட்டிக் அமிலமாக்கும். உடம்பு அதை எரித்துச் சக்தியாக்கிவிடும்.

இப்போது மெத்தனால் வருகிறது. எத்தனாலுக்கு இரண்டு கார்பன், இதற்கு ஒன்று. அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்க இரண்டும் தண்ணீர் மாதிரி. வாசனையும் ஏறக்குறைய ஒன்றே. மனிதனே ஏமாறும்போது என்சைம் மட்டும் என்ன செய்யும், பாவம்? ஜன்னலில் பொருந்தியதா, பொருந்தியது. உடனே தன் கடமையைச் செய்கிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடு ஆகிறது. உயிரியல் லேபில் பாட்டிலுக்குள் தவளையைப் போட்டு வைத்திருப்பார்களே, அந்த ஃபார்மலினில் இருப்பதும் இதே பொருள்தான். அடுத்த என்சைம் அதைச் சட்டென்று ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கட்டெறும்பு கடிக்கும்போது எரிகிறதே, அதில் உள்ள அமிலம்.

இதற்கு அப்புறம்தான் சிக்கல். ஃபார்மிக் அமிலத்தை உடம்பு எளிதில் வெளியேற்றுவதில்லை. அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் துணை வேண்டும். மனிதக் கல்லீரலில் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். குடித்துக் குடித்துச் சாப்பாட்டைக் குறைத்த உடம்பில் அந்த வைட்டமினும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அமிலம் சேரச் சேர ரத்தத்தின் பி.எச். இறங்குகிறது. அது மட்டுமா? செல்லுக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் கடைசிப் படியில் ஒரு என்சைம் இருக்கிறது. ஃபார்மிக் அமிலம் அதையே தடுத்துவிடுகிறது. மூச்சு விடுகிறார், ஆக்ஸிஜன் உள்ளே போகிறது, ஆனால் செல்லுக்கு அது பயன்படவில்லை! ஓயாமல் சக்தி கேட்கும் பார்வை நரம்பு முதலில் அடிபடும். "கண்ணு மங்கலா தெரியுது, பனி மூட்டமா இருக்கு" என்பார். பிறகு மூளை, பிறகு மூச்சு. சுத்தமான மெத்தனால் 10 மில்லி அளவே கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி அளவே உயிரைப் பறிக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஒரு டீ கிளாஸில் அரை கூட வேண்டாம்.

கவுண்டரை மூடினால் உயிர் பிழைக்கும்

என்சைம் வேலை செய்வதால்தான் விஷம் உண்டாகிறது என்றால், அதன் வேலையை நிறுத்திவிட்டால்? அதுதான் சிகிச்சையே! ஃபோமெபிசோல் என்று ஒரு மருந்து. இது அந்த ஜன்னலை இறுக்கமாக அடைத்துக்கொள்கிறது. மெத்தனால் உள்ளே நுழைய முடியாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. டயாலிசிஸ் வைத்து அதையும், ஏற்கெனவே உண்டான ஃபார்மிக் அமிலத்தையும் வடிகட்டி எடுக்கிறார்கள். ரத்தத்தின் அமிலத்தைச் சரிசெய்ய சோடியம் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். ஃபோலிக் அமில வகை மருந்தும் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் ஃபோமெபிசோலை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

அந்த மருந்து கைவசம் இல்லாத இடத்தில் டாக்டர்கள் எத்தனாலையே அளந்து மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. மெத்தனாலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எத்தனாலை அந்த என்சைமுக்குப் பிடிக்கும். எத்தனால் வரிசையில் நிற்கும்வரை மெத்தனாலுக்கு டிக்கெட் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் "அப்போ வீட்டிலேயே ஒரு குவார்ட்டர் ஊத்திடலாமே" என்று கிளம்ப வேண்டாம்! ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி பார்த்து, மணிக்கணக்கில் அளவு மாறாமல் கொடுக்க வேண்டிய சிகிச்சை அது. ஆஸ்பத்திரியில் மட்டுமே முடியும். வீட்டில் செய்தால் நேரம்தான் வீணாகும்.

பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் மூக்கைக் கட்டாமல் மருந்தடிக்கிறவர் மயங்கி விழுகிறாரே, அங்கே பாஸ்பரஸ் வகை மருந்து நரம்பின் ஒரு என்சைமை அடைத்துவிடுகிறது. அங்கே அடைப்பதே விஷம். இங்கே அடைப்பதே மருந்து. என்சைமுக்கு நல்லது கெட்டது தெரியாது, பொருத்தம் பார்க்க மட்டும்தான் தெரியும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தூங்கட்டும் என்று விட்ட நேரம்

இனிமேல்தான் என் கட்சி.

மெத்தனால் குடித்தவுடன் ஆள் விழுவதில்லை. என்சைம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றுகிறது. பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்று வலி, வாந்தி, தலைவலி, பார்வை மங்கல் என்று வெளியே தெரியும். கூடவே சாதாரணச் சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். முன்பு சொன்ன அதே வரிசைக் கணக்குதான். ஆக, குடித்த நேரத்துக்கும் கண் போகும் நேரத்துக்கும் நடுவில் இயற்கையே ஒரு அவகாசம் கொடுக்கிறது. அந்த நேரத்துக்குள் கவுண்டரை மூடினால் ஆள் முழுசாக வீட்டுக்கு வரலாம்.

அந்த அவகாசத்தை நாம் என்ன செய்கிறோம்? "போதை, தெளியட்டும், தூங்க விடு" என்கிறோம். "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயப்படுகிறோம். "அக்கம்பக்கம் தெரிஞ்சா மானம் போயிடும், பொண்ணுக்கு வரன் வராது" என்று கதவைச் சாத்துகிறோம். டாக்டர் கேட்டால், "ராத்திரி சாப்பிட்ட மீன் ஒத்துக்கலை சார்" என்று பொய் சொல்கிறோம். அந்தப் பொய் போதும், வயிற்றுப்போக்கு என்று நினைத்துக் குளுகோஸ் ஏற்றி உட்கார வைத்துவிடலாம். அந்த நேரம் முழுக்க கல்லீரல் தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் அந்தச் சாவுகளில் மெத்தனாலுக்குப் பாதிப் பங்கு, நம் வெட்கத்துக்கும் பயத்துக்கும் பாதிப் பங்கு.

"குடிச்சான், செத்தான், அதுக்கு நாம என்ன பண்றது?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. குடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. நம் தெருவிலேயே குடியால் குலைந்த குடும்பங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு உடம்பு வலிக்கு ஒரு பாக்கெட் வாங்கியவருக்கு மரண தண்டனை கொடுக்க நாம் யார்? அவர் வீட்டுப் பிள்ளைகள் என்ன தப்புச் செய்தார்கள்? கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூன் கடைசியில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நல்லது. ஆனால் சட்டம் விற்றவனைப் பிடிக்கத்தான் உதவும். குடித்துவிட்டுப் படுத்துக்கிடப்பவரை 108-இல் ஏற்றுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வர வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நாமாகவும் இருக்கலாம்.

டிப்ளமோவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. மெத்தனால் வானத்தில் இருந்து விழவில்லை. மருந்துக் கம்பெனி, பெயின்ட், பிளைவுட் ஒட்டும் பசைக்கான ரசாயனம், பயோடீசல் என்று எத்தனையோ தொழிலுக்கு அது நியாயமாகத் தேவைப்படுகிற பொருள். எங்கோ ஒரு டிரம் கணக்கில் வராமல் வெளியே போகும்போதுதான் அது பாக்கெட் சாராயமாகிறது. நாளைக்கு அந்த டிரம்மை எண்ணி ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதப்போவது யார்? ஷிப்ட் சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், லேப் டெக்னீஷியன். நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தானே! குறையும் பத்து லிட்டரைக் கண்டும் காணாமல் கையெழுத்துப் போடுபவரின் பேனாவில் எத்தனை உயிர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சின்னப் பட்டறைகளில் நானே பார்த்திருக்கிறேன். தின்னரையும் ஸ்பிரிட்டையும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி, லேபிள் கூட ஒட்டாமல், குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சில வகைத் தின்னரில் மெத்தனால் உண்டு. வெயிலில் வேலை முடித்து வந்தவன் அவசரத்தில் எடுத்துக் குடித்தால்? ஆகவே நான் முன்வைப்பது நாலே விஷயம்.

ஒன்று, லேபிலும் வேலையிடத்திலும் எந்த ரசாயனத்தையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றாதீர்கள். பெயர் எழுதி ஒட்டுங்கள். மெதில் ஆல்கஹால், வுட் ஸ்பிரிட், மெத்தனால் மூன்றும் ஒன்றே என்று கூட வேலை செய்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

இரண்டு, "மோந்து பார்த்தா தெரியும், கொளுத்திப் பார்த்தா தெரியும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். மூக்கும் நெருப்பும் கலப்படத்தைக் கண்டுபிடிக்காது.

மூன்று, குடித்த ஒருவர் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது என்று சொன்னால் தூங்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார், கூட யார் யார் குடித்தார்கள் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நான்கு, அவரோடு குடித்த மற்றவர்கள் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று உட்கார்ந்திருந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் உடம்பில் வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

இதை ஒரு தாளில் எழுதி நம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் ஆகும் செலவு ஒரு டீக் காசு. சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று நாம் தினமும் பஸ் ஏறுகிற இடங்களில் கட்டிட வேலைக்காக வந்து தங்கியிருப்பவர்கள் ஆயிரம் ஆயிரம். அவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்ல நம்மில் ஹிந்தி, தெலுங்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மாணவர் மன்றம் இதை இந்த வருஷமே ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை.

நண்பர்களே! கல்லீரலில் இருக்கும் அந்த என்சைமுக்கு வந்தது எத்தனாலா மெத்தனாலா என்று யோசிக்கத் தெரியாது. டிரம்மில் இருப்பது என்ன, அது எங்கே போகிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று யோசிக்க நமக்குத் தெரியும். படித்த படிப்பை அந்தச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்துவோம். இரண்டு மார்க் பாடம் ஒரு உயிரைக் காப்பாற்றினால் அதைவிடப் பெரிய டிஸ்டிங்ஷன் வேறு என்ன இருக்கிறது?